எந்தப் புளோக்கில் வீடு வாங்குவது?

(தேக்கா வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் உடலுழைப்பு வேலை பார்த்தவர். 1971-இல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனான். தளத்துக் குடியிருப்புகளிலும் பக்கத்துச் சோங் பாங் கம்பத்திலும் வாழ்ந்த நம் சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயர்ந்தார்கள். 1966-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் கையில் இருந்தபோது, கம்பத்தை விட மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? நிறையப் பேர் யீஷூன் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கப்பல் பட்டறை வேலை பக்கம், அண்ணன் தம்பி வீடு பக்கம். கடற்படைத் தளத்து மரத்தடி முருகன்கூடப் பிறகு யீஷூனுக்குத்தான் குடிவந்தார். கூட்டமாகச் சேர வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. இடம் பறிபோனவன் தெரிந்த முகம் இருக்கும் இடத்தைத் தேடிப் போவான், அவ்வளவுதான்.

1989-இல் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் திரு. எஸ். தனபாலன், நம்மவர். அவர்தான் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தார். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு என்று வரம்பு. இந்தியரும் பிறரும் சேர்த்து வட்டாரத்தில் 10, புளோக்கில் 13 விழுக்காடு. 2010-இல் அதை 12 என்றும் 15 என்றும் உயர்த்தினார்கள். தமிழர், பஞ்சாபியர், யுரேஷியர், வெளிநாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்ற பலர், எல்லாரும் அந்த ஒரே 15-க்குள்தான். சீனர்களுக்கு 84, 87. ஏற்கெனவே குடியிருந்தவர்களை யாரும் கிளப்பவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும்தான் வரம்பு குறுக்கே வரும்.

இந்தக் கொள்கையின் நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. 1964 கலவரத்தைப் பார்த்த ஊர் இது. இனத்துக்கு ஒரு பேட்டை என்று பிரிந்து போயிருந்தால் நம் பிள்ளைகளுக்குத்தான் முதலில் அடி விழுந்திருக்கும். ஆனால் அந்த ஒற்றுமைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. (பணக்காரர்களின் கொண்டோமினியத்துக்கு இந்த வரம்பு கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறது. அங்கே ஒரு சீனர் வீட்டை விற்கிறார். அவர் சீனருக்கும் விற்கலாம், உங்களுக்கும் விற்கலாம். ஆகவே நீங்கள் சீனருடன் போட்டி போட்டு முழு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். 520,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கப் போகிறீர்கள். அப்போதும் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், உங்கள் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் நான்கில் மூன்று பங்கு அவர்கள். மிச்சம் உள்ள ஒரு பங்கில் ஆள் தேட வேண்டும். வருகிறவருக்கும் உங்கள் இக்கட்டு தெரியும், விலையை அடித்துப் பேசுவார். வாங்கும்போது சந்தை விலை, விற்கும்போது சிறுபான்மை விலை. பக்கத்து வீட்டுச் சீனர் அதே மாதம் அதே அளவு வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவார்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதை விற்கும்போதுதான் கேள்விப்படுகிறார்கள். வாங்கித் தந்த முகவர் வாயே திறப்பதில்லை. ஒரு பாதுகாவலர் அண்ணன், மகள் கல்யாணத்துக்காகச் சின்ன வீட்டுக்கு மாற நினைத்தவர், சொன்னார்: "தம்பி, பார்க்க வந்த அஞ்சு குடும்பத்தில் நாலு சீனக் குடும்பம். பிடிச்சிருக்குன்னுதான் சொன்னாங்க." அந்த நால்வருக்கும் விற்க வழியில்லை.

"அப்படியானால் தேக்கா பக்கமே வாங்கிவிடுகிறோமே" என்பீர்கள். ஆசை நியாயம்தான். ஆனால் இங்கே கழக வீடுகள் கொஞ்சம். தேக்கா சந்தையை ஒட்டியுள்ள பஃபலோ சாலை அடுக்குமாடிகள் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தவை. 99 ஆண்டுக் குத்தகையில் இனி 60 ஆண்டுகூட இல்லை. 2019 விதிப்படி, வாங்குகிறவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை இருந்தால்தான் மத்திய சேமநிதியை முழு அளவுக்கு எடுக்க முடியும். 30 வயது மகன் இங்கே வாங்கினால் கையிலிருந்து அதிக ரொக்கம் போடவேண்டி வரும். தோசைக்கும் பூவுக்கும் ரயிலில் வந்துபோவது மலிவு!

வேறு பேட்டை பார்க்கும்போது பள்ளியையும் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சிறப்பு உதவித் திட்டப் பள்ளியானால் அங்கே தமிழ் வகுப்பு இருக்காது.

2021-இல் நாடாளுமன்றத்தில் இந்தக் கொள்கை பற்றி விவாதம் நடந்தது. 2022-இல் ஒரு கதவு திறந்தது: வரம்பினால் வீட்டை விற்கவே முடியாமல் கடுமையாகத் தவிக்கும் சிறுபான்மையினரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். நல்லதுதான், ஆனால் போதாது. விற்றே தீர வேண்டும் என்று குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டவருக்கு இதில் ஒன்றும் இல்லை. பொது நன்மைக்கான விதியால் ஒரு குடும்பத்துக்கு நட்டம் வந்தால், அந்த நட்டத்தைப் பொதுப் பணம்தான் ஈடுசெய்ய வேண்டும். இதைத்தான் நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அது வரை, முன்பணம் கொடுக்குமுன் கழகத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் புளோக்கின் வரம்பைப் பாருங்கள். மாதத்தின் முதல் நாள் அது புதுப்பிக்கப்படும். உங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இணையம் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்க முயல்கிறவர்கள் யார் வந்து பார்த்தார், எந்தத் தேதி, என்ன விலை கேட்டார், ஏன் நின்றுபோனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு வாய்ப்பேச்சு உதவாது.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். வீட்டுப் பத்திரம் கொண்டுவந்தவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.