ஔஷத தானமும் அபய தானமும்: மனச்சோர்வு மருந்து மாறும் காலம்

 

பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய திருநாளாகத் தீபாவளியைப் போற்றும் சமண இல்லங்களில் விளக்குகள் ஒளிர்கின்றன. சிற்றுயிர்களுக்கு ஊறு நேரும் என்பதால் பட்டாசு வெடிப்பதைப் பலர் தவிர்க்கின்றனர். அது நல்லறமே. ஆயினும் வெடியைத் தவிர்ப்பதோடு கருணையின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவ்வெடியைச் செய்து வயிறு வளர்க்கும் மனிதர்களின் உடலையும் உள்ளத்தையும் அக்கருணை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட தானங்கள் நான்கு: ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம். இவற்றுள் ஔஷதம் என்பது மருந்து. அபயம் என்பது அச்சத்தை அகற்றுதல். இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்கும் ஒரு தருணம் உண்டு. மனச்சோர்வு நோய்க்கு ஒரு மாத்திரையை உட்கொண்டுவந்தவர், மருத்துவரின் அறிவுரைப்படி வேறொரு மாத்திரைக்கு மாறும் சில வாரங்களே அத்தருணம். அவ்வாரங்களில் மருந்து மட்டும் கையில் இருந்தால் போதாது. அச்சம் நீக்கும் துணையும் அருகில் இருக்க வேண்டும்.

'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த பூமி. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் வழியே பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரச் சிற்றூர்களின் அடுப்புகள் பெரும்பாலும் இத்தொழிலால் எரிகின்றன. அவ்வட்டாரத்தில் 'மருந்து' என்றால் வெடிக்கலவை என்றே முதலில் பொருள்படும். 'மருந்து செலுத்தும் அறை' என்றால் பட்டாசுக் குழாயினுள் அக்கலவையை நிரப்பும் அறை.

அந்த மருந்து பறித்த உயிர்கள் பல. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் எஞ்சியோர் சிலருக்கு உறக்கம் கெடுகிறது. சிறு ஓசைக்கும் நெஞ்சு படபடக்கிறது. எதிலும் நாட்டம் அற்றுப்போகிறது. விபத்து நேராத வீட்டிலும் கடன், குடும்பத் துயர், மகப்பேற்றுக்குப் பிந்தைய சோர்வு ஆகியவற்றால் மனச்சோர்வு நோய் வருவதுண்டு. வெளிப்படையான காரணம் ஏதுமின்றியும் வரும். அது மன உறுதியின் குறையன்று. சிகிச்சையால் தணியும் நோய்.

மருந்தை ஏன் மாற்றுகிறார்கள்?

முதலில் கொடுத்த மருந்து எல்லோருக்கும் பயன் தருவதில்லை. அமெரிக்காவில் பெருமளவில் நடத்தப்பட்ட ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தினாலேயே முழு நலம் எய்தியோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. ஆகவே மருந்து மாற்றப்படுவது, 'நோய் முற்றிவிட்டது' என்பதன் அடையாளமும் அன்று. மருத்துவரின் தோல்வியும் அன்று. சிகிச்சையின் இயல்பான ஒரு படி அது. இதனை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதே முதல் அபயம்.

மாறும் காலத்தில் உடலில் இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே நடைபெறுகின்றன. பழைய மருந்து விடைபெறுகிறது. புதிய மருந்து குடிபுகுகிறது. இரண்டும் தத்தம் வகையில் தொல்லை தரும்.

வென்லாஃபாக்சின், பராக்சடின் போன்றவை உடலை விட்டு விரைவில் நீங்குவன. அவற்றைத் திடீரென நிறுத்தினால் இரண்டொரு நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், உறக்கமின்மை, தெளிவான கொடுங்கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு ஆகியன தோன்றக்கூடும். ஃபுளுவாக்சடினின் இயல்பு இதற்கு மாறானது. அதுவும் அதிலிருந்து உடலில் உண்டாகும் பொருளும் முழுதும் அகல 5 வாரங்கள் வரை ஆகலாம். அதனால் நிறுத்தும்போது தொல்லை குறைவு. ஆனால் அடுத்து வரும் மருந்தோடு அது கலந்து நிற்கும். சான்றாக, அமிட்ரிப்டிலினின் அளவை இரத்தத்தில் அது உயர்த்திவிடக்கூடும்.

இக்காரணத்தால் மாற்றும் முறையும் ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்கு ஒரே நாளில் மாற்றலாம். சிலருக்குப் பழையதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டுவர். வேறு சிலருக்குப் பழையதை முற்றிலும் நிறுத்தி, இடைவெளி விட்டுப் பின் தொடங்குவர். அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்த முறையைப் பார்த்துத் தாமே மாற்றிக்கொள்வது பெரும் தவறு. எந்த நாளில் எது எவ்வளவு என்பதை மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கி, சுவரில் ஒட்டிவைப்பது நலம்.

தொல்லைகளைத் தாங்கும் வழி

புதிய மருந்தின் தொல்லைகள் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் மிகுந்து, பின்னர் தணிகின்றன. பயனோ 2 முதல் 4 வாரங்களுக்குப் பின்னரே தெளிவாகத் தெரியத் தொடங்கும். சிலருக்கு 6 வாரங்களும் ஆகலாம். தொல்லை முந்தி வருகிறது. நன்மை பிந்தி வருகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையை வீசியெறிந்துவிடுகின்றனர்.

குமட்டல் இருப்பின், வெறும் வயிற்றில் உட்கொள்ளாமல் உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். சிறிது சிறிதாகப் பல வேளை உண்ணலாம். உறக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கும், பகலில் தூக்கம் வந்தால் மாலைக்கும் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். நாவறட்சிக்கும் மலச்சிக்கலுக்கும் நீரும் கீரையும் பழமும் உதவும். தலைசுற்றுவோர் படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து, சற்றே அமர்ந்து, பிறகு நிற்க வேண்டும். இல்லற உறவில் நாட்டமோ திறனோ குறைவதும் இம்மருந்துகளால் பரவலாக நேரும் விளைவே. வெட்கத்தால் அதை மறைத்து மருந்தை நிறுத்துவதைவிட, மருத்துவரிடம் சொன்னால் அதற்கும் வழி உண்டு.

ஒரு சிறு குறிப்பேடு போதும். நாள், மருந்தின் அளவு, உறங்கிய நேரம், உற்ற தொல்லை என நான்கு குறிப்புகளை அன்றாடம் எழுதிவந்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும். நோய் திரும்பியதா, பழைய மருந்து விடைபெறும் தொல்லையா என்னும் ஐயத்தையும் அதுவே பெரிதும் தீர்க்கும். விடைபெறும் தொல்லை சில நாட்களிலேயே தலைசுற்றலும் மின்னதிர்வுமாக வந்து, பெரும்பாலும் மெல்லக் குறையும். திரும்பி வரும் நோயோ, வாரக்கணக்கில் மெதுவாகச் சூழும்.

வெடிக்கலவையின் முன் அமர்பவர்

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் பெண் ஒருவருக்கு மாத்திரை மாற்றப்படுவதாக எண்ணிப் பார்க்கலாம். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்குச் சிறு இடையூறாகும் கைநடுக்கமும் தூக்கக் கலக்கமும், அவருக்கும் அவர் அருகில் இருப்போருக்கும் உயிராபத்தாக முடியலாம். உராய்வும் சிந்தலும் நேரக் கூடாத இடம் அது. ஆகவே அவர் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது நோய்க்குறி மட்டுமன்று; தாம் செய்யும் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். "பட்டாசு ஆலையில் வேலை" என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. மருந்து செலுத்துவதா, திரி வெட்டுவதா, பெட்டியில் அடைப்பதா என்று விளக்க வேண்டும்.

வேலைக்கு விடியலிலேயே புறப்படுவோர் பலர். உறக்கம் தரும் மாத்திரையை இரவு வெகுநேரம் கழித்து உட்கொண்டால் அதன் மயக்கம் காலையிலும் நீடிக்கும். எந்த நேரத்தில் உட்கொள்வது என்பதை வேலை நேரத்தோடு பொருத்தி மருத்துவரிடம் முடிவுசெய்ய வேண்டும். மாத்திரை மாறும் முதல் இரண்டு வாரங்களாவது, வெடிக்கலவை புழங்காத வேலையைப் போர்மேனிடம் கேட்டுப் பெறுவது நன்று. மது அருந்துவது மயக்கத்தைப் பன்மடங்காக்கும். அவ்வட்டார வெயிலும் ஒரு காரணியே. சில மருந்துகள் வியர்வையைக் கூட்டும். அமிட்ரிப்டிலின் போன்றவை வியர்வையைக் குறைத்து உடல் வெப்பத்தை ஏற்றக்கூடும். நிழலும் நீரும் மறவாமை வேண்டும்.

'நோயைச் சொன்னால் வேலை போய்விடும்' என்னும் அச்சம் பொய்யானதன்று. போர்மேனிடம் நோயின் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 'மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், தலைசுற்றுகிறது' என்பதே போதும். சிகிச்சை பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளிக்கு வழங்கியுள்ளது. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவோருக்கு வேலை மாறினால் வருமானம் குறையும். அக்குறையைக் குடும்பம் முன்னதாகவே கணக்கிட்டு வைக்க வேண்டும். நோயின் நிலை இடம் கொடுத்தால், தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியான மாதங்களில் மாற்றத்தைத் தொடங்காமல் தள்ளிவைக்க இயலுமா என்றும் மருத்துவரைக் கேட்கலாம்.

விரதம் காக்கும் இல்லங்களில்

சமண இல்லங்களுக்கென்றே சில செய்திகள் உண்டு. இரவு உண்ணாமையைக் கடைப்பிடிப்போர், இரவு மாத்திரையை விட்டுவிடாமல், சூரியன் மறையும் முன் உட்கொள்ளலாமா என்று கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தசலட்சண பர்வத்தில் உபவாசம் ஏற்போர், மருந்து மாறும் காலத்தில் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கலாகாது. இவ்வகை மருந்துகள் சிலருக்கு, சிறப்பாக முதியோருக்கு, இரத்தத்தில் சோடியம் உப்பைக் குறைக்கக்கூடும். உணவும் உப்பும் குறைந்தால் ஆபத்து மிகும். தலைவலி, தடுமாற்றம், குழப்பம் தோன்றினால் உடனே இரத்தப் பரிசோதனை வேண்டும். தம்மால் இயன்ற அளவில் நோற்பதே விரதம்; நோயுற்ற காலத்தில் அதைத் தள்ளிவைப்பது அறத்தை மீறுவதாகாது.

கேப்சூலின் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளான ஜெலட்டினால் ஆனது என்பதால் மருந்தையே கைவிடுவோரும் உளர். அவ்வாறு கைவிடாமல், அதே மருந்து மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கலாம். உறையைத் தாமே பிரித்துத் தூளை உட்கொள்வது கூடாது. சில மருந்துகள் மெல்லக் கரையும்படி அமைக்கப்பட்டவை.

காத்திருக்கலாகாத அறிகுறிகள்

பொறுத்துக்கொள்ளத்தக்க தொல்லைகள் வேறு. ஒரு நாளும் காத்திருக்கலாகாத அறிகுறிகள் வேறு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ பேச்சில் வெளிப்பட்டாலோ அவரைத் தனியே விடக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்டோரை முதல் வாரங்களில் மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். உறக்கமே இன்றி மிகையான உற்சாகமும் ஓயாத பேச்சும் அளவிறந்த செலவும் காணப்பட்டால் அதுவும் ஆபத்தே. காய்ச்சல், மிகுந்த வியர்வை, கைகால் உதறல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியன ஒருசேர வந்தால் இரு மருந்துகளின் வேகம் மிஞ்சியதாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் சில இருமல் மருந்துகளும் இவ்வாபத்தைக் கூட்டும். ஆகவே கடையில் கேட்டு வாங்கும் மருந்து, நாட்டு மருந்து எதுவாயினும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவரை உடனே காண இயலாதபோது, நடுவண் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அம்மாவட்டத்து மக்களுக்கு அருகிலேயே உள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் சிகிச்சை பெறலாம். செல்லும்போது பழைய சீட்டையும், தீர்ந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

அறக்கட்டளைகளும் குடும்பங்களும்

ஔஷத தானம் என்றால் மருந்துக்குப் பணம் கொடுப்பது என்றே பலர் கருதுகின்றனர். மருந்து மாறும் காலத்தில் தேவைப்படுவன இன்னும் எளியவை. மறுமுறை மருத்துவரைக் காணச் செல்லும் பேருந்துக் கட்டணம், இரண்டு வாரக் கூலி இழப்புக்கு ஈடான அரிசியும் பருப்பும், உடன் சென்று மருத்துவர் சொல்வதை எழுதிவரும் ஒரு படித்த இளைஞர் ஆகியவையே அவை. எந்த அறக்கட்டளைக்கும் இவை இயலாதன அல்ல.

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியதும் சிறிதே. "இன்னும் சரியாகவில்லையா?" என்று கேட்பதை விடுத்து, "இன்று தூக்கம் எப்படி இருந்தது?" என்று கேட்கலாம். மாத்திரை வேளையில் ஒரு குவளை நீரோடு அருகில் அமரலாம். 'இத்தொல்லை வரும் என்று மருத்துவர் சொன்னார். குறையும் என்றும் சொன்னார்' என நினைவூட்டலாம். மருந்து நோயைத் தணிக்கும்; அருகில் அமர்பவர் அச்சத்தைத் தணிப்பார். ஔஷதமும் அபயமும் கைகோத்து நிற்கும் இல்லத்தில், மருந்து மாறும் அச்சில வாரங்களைக் கடப்பது எளிதாகும்.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க!