கிடப்பில் இருக்கும் எண்ணங்கள்



முடியாத கவிதைகளுக்கென்று ஓர் ஏடு வைத்திராத கவிஞர் அரியர். ஆனால் அந்த ஏடு ஒருவருக்கே உரியது. அதில் ஒரு வரி ஏன் அடிக்கப்பட்டது என்பதை அடித்தவரே அறிவார். பலர் கூடிச் செய்யும் பணியில், முற்றுப்பெறாத எண்ணங்களை எப்படிக் காப்பது? திறமூல மென்பொருளாளர்கள், அதாவது மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைத்திருப்பவர்கள், இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டனர்.

கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட நிரல்மொழி பைத்தான். அதில் மாற்றம் வேண்டுவோர் தம் எண்ணத்தை முன்மொழிவாக எழுதித் தரும் முறை 2000இல் ஏற்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஏற்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, மறுக்கப்பட்டது என ஒரு நிலைக்குறி. முன்மொழிபவர் தம் கருத்தை மட்டுமன்றி, அதற்கு மாறான கருத்துகளையும் பதிய வேண்டும் என்பது விதி. மறுக்கப்பட்டதும் பட்டியலில் இருந்து நீங்குவதில்லை. (புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; ஆயினும் எண்கள் அவ்விடத்திலேயே நிற்கின்றன. அங்கே பாட்டு இல்லை, எண் உண்டு. இங்கே பாட்டும் உண்டு, அரங்கேற்றந்தான் இல்லை.)

ஒரு மதிப்பு இன்னதாயின் இதைச் செய்க, வேறாயின் அதைச் செய்க எனக் கிளை பிரியும் கட்டளை சி மொழியில் உண்டு, பைத்தானில் அப்போது இருக்கவில்லை. அதனை வேண்டி 2001இல் 275ஆம் முன்மொழிவு எழுந்தது. 2006இல் வான் ராசமே 3103ஆம் முன்மொழிவை எழுதினார். அது வேண்டுகோள் என்பதைவிட ஆராய்ச்சி எனலாம். சொல்லமைப்பு எப்படி இருக்கலாம், கிளைகளின் மதிப்பை எப்போது கணக்கிடுவது என்று, ஒன்றோடொன்று முரணும் வழிகளை எல்லாம் அடுக்கிக் காட்டினார். 2007இல் பைத்தான் மாநாட்டில் உரையாற்றியபோது அவையோரின் கருத்தைக் கேட்டார். ஆதரவு இல்லை. தம் முன்மொழிவைத் தாமே மறுத்து, மறுத்த காரணத்தையும் அதிலேயே எழுதி வைத்தார். மொழியைப் படைத்தவருக்கு அதைச் சத்தமின்றிக் கிழித்துப்போட எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

பதின்மூன்று ஆண்டுகள் அது கிடந்தது. 2020இல் வேறு சிலரோடு சேர்ந்து அவரே மீண்டும் வந்தார். இம்முறை கேட்டது பழைய கட்டளையையே அன்று; மதிப்பை மட்டும் பாராமல், தரவின் வடிவத்தையே பொருத்திப் பார்க்கும் ஒன்றை. முன்னிரண்டு முயற்சிகளும் மறுக்கப்பட்டவை என்பது அதில் மறைக்கப்படவில்லை. அதற்குள் முடிவு செய்யும் பொறுப்பு அவரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவுக்கு மாறியிருந்தது. அக்குழு 2021 பிப்ரவரியில் 634ஆம் முன்மொழிவாக அதனை ஏற்றது; அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 3.10ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது.

எண்ணங்களைக் குவித்து வைப்பது எளிது; பரண் நிறையப் போட்டு வைக்காத வீடு ஏது? காரணத்தோடு வைப்பதுதான் அரிது. ஏன் நின்றது என்று எழுதாத எண்ணத்தைப் பின்வருபவர் முதலிலிருந்தே வாதிட வேண்டும். எழுதப்பட்டிருந்தால், நின்ற இடத்திலிருந்து தொடங்கலாம். ஒத்திவைக்கப்பட்டதை முதலில் எழுதியவர் விலகினும் மற்றொருவர் கைக்கொள்ளலாம்.

634 ஏற்கப்பட்ட பின்னும் 3103இன் நிலைக்குறியை எவரும் திருத்தவில்லை. மறுக்கப்பட்டது என்றே அது அப்பட்டியலில் நிற்கிறது.