பட்டியலை மூடுங்கள், பத்தியைப் படியுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 1926-ல் தொடங்கியது. நெடுங்காலம் அந்தத் தேர்வு என்றாலே மாணவர்களுக்குச் சொல் மனப்பாடம்தான். பேரன்ஸ் பதிப்பகத்தின் வழிகாட்டியில் 3,500 சொற்கள் அகரவரிசையில் இருந்தன. அபேஸ், அபாஷ், அபேட் என்று ஆரம்பிப்பார்கள். 'சி' எழுத்துக்கு வருவதற்குள் 'ஏ' மறந்துபோகும்.

அன்றைய கேள்விகளும் அப்படித்தான். ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால், துடுப்புப் படகு வலிப்பவருக்கு எது? 'ரெகாட்டா', அதாவது படகுப் போட்டி. ஏரிக்கரையில் பங்களா வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும். ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? சோதித்தது அறிவையா, வசதியையா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எதிர்ச்சொல் கேள்விகள் 1994-லும், இந்த ஒப்புமைக் கேள்விகள் 2005-லும் போயின. கோடிட்ட இடத்துக்கு அரிய சொல் தேடும் பழைய பகுதி 2016-ல் நீங்கியது. புதிய முறைக்குத் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு காட்டிய மாதிரிக் கேள்வி ஒன்றில் கேட்ட சொல், 'இன்டென்ஸ்'. எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் வேலைவாய்ப்புகள் சில பெருநகரங்களில் குவிவதைப் பற்றிய பத்தியில் அது வருகிறது. 'உணர்ச்சிமிக்க' என்று குறித்தால் மார்க் போச்சு. 'செறிந்த' என்பதுதான் விடை.

இப்போது தேர்வு கணினியில். வாசிப்பு, எழுத்துப் பிரிவில் 54 கேள்விகள், 64 நிமிடங்கள். சிறு பத்திக்குப் பொருந்தும் சொல்லைக் கேட்கும் கேள்விகள்தான் முதலில் வரும். கொஞ்சம் கடினமான சொற்களும் அவற்றில் எட்டிப் பார்க்கின்றன. ஆகவே அகராதியைப் பரணில் போட்டுவிட வேண்டாம்.

என்ன செய்யலாம்? அறிவியல், வரலாறு, இலக்கியம் எதுவானாலும் தினமும் ஒரு ஆங்கிலக் கட்டுரை படியுங்கள். புரியாத சொல்லுக்கு ஒரு அட்டை போடுங்கள். முன்பக்கம் தனிச் சொல் வேண்டாம். அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதி, சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள். பொருள் பின்பக்கம், அதுவும் உங்கள் வார்த்தையில்.

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஒரு பெட்டி முறையைச் சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அதைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறியது முதல் பெட்டிக்கே திரும்பும். அதை மறுநாளே எடுக்க வேண்டும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்படும் நம் வழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம்.

ஒரே ராத்திரியில் நூறு சொல்லை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கிறதா? இன்றைக்கே ஒரு கட்டுரையை எடுங்கள். ஐந்தாறு அட்டை போதும்.