ஊர்திகளின் சேமக்கலங்கள்



வண்டிகளுக்குச் சிறந்த பாட்டரி எது என்று மாணவர் பலர் என்னிடம் வினவுவதுண்டு. எந்த வேலைக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். பாட்டரி என்னும் சேமக்கலம் மின்சாரத்தை அப்படியே அடைத்து வைக்கும் பெட்டியன்று. வேதியியல் மாற்றமாகச் சேமித்து, வேண்டும்போது மின்னோட்டமாகத் திருப்பித் தருவது.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த காரீய அமிலச் சேமக்கலமே இவற்றுள் மூத்தது. நீர்த்த கந்தக அமிலத்தில் காரீயத் தகடுகளும் காரீய டை ஆக்சைடுத் தகடுகளும் மாறி மாறி நிற்கும். ஓர் அறை ஏறக்குறைய 2 வோல்ட்டு தரும். ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால் 12 வோல்ட்டு கிடைக்கும்.

பெட்ரோல் காரில் இதற்குள்ள முதன்மையான பணி, நின்ற இயந்திரத்தைச் சுழற்றிவிடுவது. சில விநாடிகளே அவ்வேலை. ஆனால் அப்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயவேண்டும். அதற்குப் பரப்பு மிகுதியாக வேண்டுமாதலின், மெல்லிய தகடுகளைப் பலவாக அடுக்குகிறார்கள். செலவான மின்சாரத்தை, ஓடும் இயந்திரமே மின்னாக்கியின் வாயிலாக உடனே நிரப்பிவிடுகிறது.

மின்சார ரிக்‌ஷாவின் நிலை வேறு. அங்கே சேமக்கலமே வண்டியை மணிக்கணக்காக இழுக்கவேண்டும். இருப்பு பெரும்பாலும் தீரும்வரை உழைக்கவேண்டும். ஆகவே அதற்குத் தடித்த தகடுகள் தேவை. கார் பாட்டரியை இவ்வேலைக்குப் பூட்டினால், தகட்டின் பசை உதிரும். காரீய சல்பேட்டு கெட்டிப்பட்டு, மின்னேற்றத்திற்கு இணங்காது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், மலிவு என்று கருதி வாங்கும் ஓட்டுநரின் முதல் சில மாதங்களில் கரைந்துவிடும். அவருக்கு அது பாடநூற் செய்தியன்று, பிழைப்பு!

எடிசன் உருவாக்கிய நிக்கல் இரும்புக் கலத்தை இங்குப் பெயரளவில் குறிப்பிட்டு மேற்செல்கிறேன். நெடுநாள் உழைப்பதாயினும், இன்றைய வண்டிகளில் அதற்கு இடமில்லை.

லித்தியம் அயனிக் கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் நோபெல் பரிசு பெற்றனர். காரீயக் கலம் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 35 வாட்-மணி ஆற்றலைத் தாங்கும். லித்தியம் கலங்கள் பல 150க்கு மேலும் தாங்கும். அவற்றுள்ளும் வகையுண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்டு சேர்ந்தது எடை குறைந்தது. இரும்புப் பாஸ்பேட்டு வகை சற்றுக் கனமானதாயினும், வெப்பத்தில் எளிதில் நிலைகுலையாது, ஆயுளும் மிகுதி. கோடை கடுமையான நம் நாட்டிற்கு நான் இதனையே தேர்வேன்.

இன்னொரு வேடிக்கை: முழுதும் மின்சாரத்தால் ஓடும் கார்களிலும், பெரும்பாலும் ஒரு சிறு 12 வோல்ட்டு பாட்டரி தனியே இருக்கிறது. பெரிய சேமக்கலத்தை இணைக்கும் பொத்தானை இயக்குவது அதுவே. அது தீர்ந்துபோனால், பெரியதில் ஆற்றல் நிரம்பியிருந்தும் வண்டி கிளம்பாது.