ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

(ஆசிரியர்களுக்கான கைவினைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணித ஆசிரியர். பிளாஸ்டிக் விமான மாதிரிகளை ஒட்டி வண்ணம் தீட்டுவது என் நெடுநாள் பொழுதுபோக்கு. அண்மையில் முதன்முறையாக ஒரு கவச வாகனம் செய்தேன். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை பயன்படுத்திய டி-34 டாங்கி அது. விமானம் செய்து பழகிய கைக்கு அந்த டாங்கி கற்றுத்தந்தவை நம் வகுப்பறைக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். விமான மாதிரிகளில் பரவலாக வழங்குவது 1:72. அதாவது ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி. 1942-இல் அமெரிக்கக் கடற்படை 5 லட்சம் மர விமான மாதிரிகளைச் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. வானில் பறப்பது தம் விமானமா, எதிரியுடையதா என்று அடையாளம் காண வீரர்களுக்குப் பயிற்சி தரவே அவை தேவைப்பட்டன. 1:72 அளவில் செய்து கறுப்பு வண்ணம் பூசினார்கள். உருவம் மட்டும் தெரிந்தால் போதும்.

கவச வாகனங்களுக்குப் பெரும்பாலும் 1:35. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி மாதிரியை உருவாக்கியபோது, உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு இது. 3 மீட்டர் அகலமுள்ள டி-34, இந்த அளவில் சுமார் 8.6 சென்டிமீட்டர்.

இங்கே ஒரு கணக்கு. சேறு காட்டுவதற்கு முற்றத்து மணலை எடுத்து ஒட்டலாமா? அரை மில்லிமீட்டர் மணல்துகளை 35-ஆல் பெருக்குங்கள்: 17.5 மில்லிமீட்டர். பார்ப்பவர் கண்ணுக்கு அது மணலாகத் தெரியாது, ஜல்லியாகத் தெரியும். சாக்பீஸை நன்றாக அரைத்து, துணியில் சலித்தெடுத்த தூள்தான் புழுதியாகத் தெரியும். விகிதம் நடத்தும்போது இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, மேற்பரப்பு. விமான மாதிரியில் இரு பாகங்கள் சேரும் கோடு தெரியக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்குவோம். டி-34 டாங்கியின் மேற்கூண்டு பெரும்பாலும் வார்ப்பில் செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது. பற்றவைத்த தழும்புகளும் தகடுகளில் தெரியும். அந்தச் சொரசொரப்பை நாமே உண்டாக்க வேண்டும். ஒன்றில் குறை என்று நீக்குவது இன்னொன்றில் உண்மையாக இருக்கிறது.

இனி வெதரிங். வெயிலும் மழையும் புழுதியும் உழைப்பும் வண்டியின் மேல் விட்ட தடங்களை வண்ணத்தால் காட்டுவதற்கு அந்தப் பெயர். விமானத்தில் எண்ணெய் கசிந்தால், எதிர்க்காற்று அதைப் பின்னோக்கி இழுக்கும். புகைக்கறையும் பின்னோக்கியே படியும். டாங்கியில் மழைநீர்க் கறை செங்குத்தாகக் கீழிறங்கும். புழுதி தட்டையான பரப்பில் தங்கும். சேறு கீழ்ப்பகுதியிலும் சக்கரங்களிலும் அப்பியிருக்கும்.

உலோகமும் வேறு. அலுமினிய விமானத்தில் வண்ணம் உரிந்தால் வெள்ளிநிறம் தெரியும், செந்துரு பிடிக்காது. எஃகு டாங்கியில் உரிந்த இடம் கருமையாகத் தொடங்கிப் பழுப்பாக மாறும். புகைபோக்கியில் சூடு வண்ணத்தை எரித்துவிடுவதால் அங்கே துரு விரைவில் ஏறும். சங்கிலிப்பட்டையில் தரையில் உரசும் முகடுகளோ துரு பிடிக்க நேரமின்றி மின்னும்.

செய்முறை எளிது. துருநிறத்தை முதலில் பூசி, அதன்மேல் ஹேர் ஸ்பிரே அடித்துக் காயவிட வேண்டும். பிறகு நீரில் கரையும் பச்சை வண்ணம். அது காய்ந்ததும் ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால், தேய்த்த இடத்தில் மட்டும் பச்சை உரிந்து துரு வெளிப்படும். மழைக்கறைக்கு ஒரு புள்ளி ஆயில் பெயின்ட் வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் போதும்.

கடினமானது, எங்கே நிறுத்துவது என்பதுதான். போரில் பல டாங்கிகள் சில மாதங்களே ஓடின. உடல் முழுவதும் துருவேற அவற்றுக்கு அவகாசமே இல்லை. எங்கும் துருவை அள்ளிப் பூசினால் அது களத்தில் ஓடும் வண்டியாக இராது, கைவிடப்பட்ட வண்டியாகிவிடும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: காரணம் சொல்ல முடியாத கறையை வைப்பதில்லை.

இதை வகுப்பறையில் செய்ய டாங்கி வேண்டாம். விலையுயர்ந்த பெட்டியும் வேண்டாம். ஊரில் ஓடும் டிராக்டரோ நகரப் பேருந்தோ போதும். முதலில் பிள்ளைகள் அதைச் சென்று பார்க்கட்டும். ‘எங்கே, என்ன நிறம், ஏன்’ என்று மூன்று பத்திகளில் குறிக்கட்டும். பிறகு அட்டையில் வண்டியைச் செய்து, ‘ஏன்’ பத்தி நிரம்பிய கறைகளை மட்டும் தீட்டட்டும். விகிதம், துருப்பிடித்தல், புவியீர்ப்பு, ஊர் மண்ணின் நிறம் எல்லாம் அந்த ஓர் அட்டை வண்டியில் வந்துவிடும். எண்ணெய் எங்கே கசியும் என்று மெக்கானிக்கின் மகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அன்று அவள்தான் வகுப்பின் ஆசிரியர்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். நம் கண்காட்சி மேசைகளில் கடையில் வாங்கிய பளபளப்பான மாதிரிகள் முன்வரிசையில் நிற்கின்றன. தானே பார்த்து, யோசித்துச் செய்த குழந்தையின் அழுக்கு டிராக்டர் பின்வரிசைக்குப் போகிறது. ‘நேர்த்தி’ என்று நாம் போடும் மதிப்பெண் எதற்குப் போகிறது? அந்தக் குழந்தையிடம் “இந்தக் கறை ஏன் இங்கே?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

டாங்கி ஒரு போர்க்கருவி என்பதை நான் மறக்கவில்லை. அதன் மூடியைச் சுற்றி வண்ணம் தேய்ந்திருப்பதைத் தீட்டும்போது, அந்தச் சிறு துளை வழியே ஏறி இறங்கிய மனிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள். முதலில் வந்த டி-34 வகையில் நான்கு பேர் இருந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் போரைப் பற்றிப் பேச அந்தத் தேய்மானமே போதுமான தொடக்கம்.