கடலடி மண்ணைக் கேட்டுவிட்டுக் கம்பி போடு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம திருத்தங்கல் பக்கம் கரிசல்ல வீடு கட்டணும்னா முதல்ல குழி தோண்டிப் பார்ப்பாங்க. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கிற மண். கெட்டித் தரை எங்கே என்று தெரியாமல் கடைக்கால் போட மாட்டார்கள். கடல் காற்றாலையிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கேபிளுக்கும் இதே கதைதான். தமிழ்நாடு, குஜராத் கடல்களில் தலா 500 மெகாவாட் அமைப்பதற்கான நிதியுதவித் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம்ம பக்கம் பார்த்து வைத்திருப்பது மன்னார் வளைகுடா.

ஆய்வுக் கப்பல் ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும். பாறை, மேடு, பழைய நங்கூரம் எல்லாவற்றையும் படம் பிடிக்கும். தாழ்ந்த சுருதி ஒலி மண்ணுக்குள் இறங்கி அடுக்குகளைக் காட்டும். அப்புறம் காந்தமானி. பட்டாசு ஊர்க்காரங்களுக்கு இதை விரிவாச் சொல்லணும். ஐரோப்பாவின் வட கடலில் உலகப் போர்க்காலக் குண்டுகளும் கண்ணிவெடிகளும் இன்னும் கிடக்கின்றன. காந்தமானி இரும்பு இருக்குன்னுதான் சொல்லும். குண்டா, உடைந்த குழாயா என்று சொல்லாது. சந்தேகப் புள்ளி ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்கணும், இல்லாவிட்டால் பாதையை விலக்கணும். பழைய மருந்து சாதுவாயிடும்னு நம்பக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

குழாயை அதிரவைத்து இறக்கி மண் எடுப்பதும், கூம்பு முனைக் கம்பியை அழுத்தி இறுக்கம் அளப்பதும் அடுத்த வேலை. மண் சூட்டைக் கடத்துமா என்றும் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடினால் கேபிள் சுடும். உள்ளிருக்கும் காப்புப் பொருள் பொதுவாக 90 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். ஆழமாகப் புதைத்தால் நங்கூரத்துக்குத் தப்பும், ஆனால் சூடு வெளியேற வழி குறையும். இயற்பியல் படிக்கும் தம்பிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், சுவையானது.

கடல் கேபிள்களை அதிகம் சேதப்படுத்துவது நங்கூரமும் மீன்பிடி வலையும்தான். மன்னார் வளைகுடாவிலோ 21 தீவுகள், பவளப் பாறைகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி. பாறைமேல் புதைக்க முடியாமல் கிடக்கும் கேபிளில் வலை சிக்கினால், கம்பெனிக்குக் கேபிள் போகும். மீனவருக்கு வலையும் அன்றைய பிழைப்பும் போகும், படகே கவிழலாம். கடலடிப் பாறையை அவர்கள் 'பார்' என்பார்கள். எது எங்கே என்பது தூத்துக்குடியில் சங்கு குளிப்பவருக்கு அத்துப்படி. பாதை முடிவான பிறகு அவர்களைக் கூப்பிட்டு வரைபடம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாளே ஆய்வுக் கப்பலில் சம்பளத்தோடு ஏற்ற வேண்டும். அவர் சொல்லும் பாரின் பெயரும் இடமும் வரைபடத்தில் ஏறட்டும். அதற்கப்புறம் கோடு போடுவோம்.