மேளக்காரரை வரையும் கை
(செடெனாக் ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

எந்த ஊர்த் திருவிழா மலரைப் புரட்டினாலும் உபயகாரர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக அச்சேறியிருக்கும். இரவு முழுவதும் சாமியோடு நடந்து வாசித்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் 'மேளக் குழுவினர்' என்ற இரண்டே சொற்களுக்குள் அடங்கிவிடுவர். உறுமி அடித்த பிள்ளைகளுக்குப் பல வேளைகளில் அந்த இரண்டு சொற்களும் கிடைப்பதில்லை.

"அதுதான் எல்லாரும் கைப்பேசியில் படம் எடுக்கிறார்களே!" என்பர் சிலர். எடுக்கிறார்கள், கணக்கில்லாமல் எடுக்கிறார்கள். கைப்பேசி மாறும்போது அவற்றுள் எத்தனை தங்குகின்றன? மேலும், படம் எடுப்பதற்கு ஒரு நொடி போதும். ஒருவரை வரைவதற்கோ அவரைக் கால் மணி நேரமாவது உற்று நோக்கியாக வேண்டும். அப்படி நோக்கியவர் அவரிடம் பெயர் கேளாமல் திரும்புவது அரிது.

பெயர் கேளாது வரைந்ததன் விளைவை வரலாற்றில் காணலாம். சரபோஜி மன்னர் தஞ்சையை ஆண்ட காலத்தில் (1798-1832), அந்நகர ஓவியர்கள் ஆங்கிலேயர்களுக்காக மக்களின் தொழில்களையும் உடைகளையும் வரைந்து தொகுதிகளாக அளித்தனர். 'கம்பெனிப் பாணி' எனப்படும் அவ்வோவியங்களில் நாட்டியப் பெண்களும் வாத்தியக்காரர்களும் இடம்பெற்றனர். சேலை மடிப்பும் மத்தளத்தின் வாரும் அத்தனை நுணுக்கமாகத் தெரிகின்றன. ஆனால் படத்தின் கீழே பெரும்பாலும் தொழிலோ சாதியோ மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். அவர் யார் என்பது போயிற்று.

அதே காலத்தில், தஞ்சைக்கு அருகே திருவையாற்றில் தியாகராஜர் (1767-1847) வாழ்ந்துகொண்டிருந்தார். சங்கீத மும்மூர்த்திகளாகிய அவரும், சியாமா சாஸ்திரிகளும், முத்துசுவாமி தீட்சிதரும் புகைப்படக் கருவி நம் நாட்டில் பரவுமுன்னரே மறைந்தவர்கள். இன்று இசைவிழா மேடைகளில் மாலை சூட்டப்படும் அவர்களுடைய திருவுருவங்களில் மிகவும் பரவியது எஸ். ராஜம் (1919-2010) வரைந்த ஓவியமே. பாடகராகவும் ஓவியராகவும் விளங்கியவர் அவர். இசையறிந்த கை வரைந்ததால் அவ்வோவியத்திற்கு உயிர் வந்தது. ஆயினும் அவர் நேரில் கண்டு வரைந்ததன்று.

நேரில் கண்டு வரைந்தவர் மாலி. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி இசைக் கச்சேரிகளை விமர்சித்தபோது, அக்காலத்து வித்துவான்களை மாலியின் கோடுகள் வாசகர்முன் நிறுத்தின. பாடும்போது ஒருவர் வாயைக் கோணுவதும், மற்றொருவர் காற்றைப் பிடிப்பதுபோல் கையை நீட்டுவதும் அவருக்கு அழகாகவே தோன்றின. அவரிடம் வளர்ந்த கோபுலு (1924-2015) தஞ்சையில் பிறந்தவர். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் வரைந்த நாதஸ்வரக்காரரும் நாட்டியக்காரியும், அத்தொடர் 1968இல் திரைப்படமாவதற்கு முன்பே வாசகர் நெஞ்சில் இடம்பெற்றுவிட்டனர்.

இனி, வரைய விரும்பும் பிள்ளைகளுக்குச் சில. முகத்தில் தொடங்க வேண்டாம். முதுகெலும்பு எப்பக்கம் சாய்கிறது, வாத்தியம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்ற இரண்டு கோடுகள் முதலில் விழட்டும். கலைஞர் அசைந்துகொண்டேதான் இருப்பார். ஆனால் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருவார். ஆகவே ஒரே தாளில் மூன்று, நான்கு உருவங்களைத் தொடங்கிவைத்து, அந்நிலை வரும்போதெல்லாம் அதற்குரிய உருவத்தில் கோடு சேர்க்கலாம். ராக ஆலாபனையின்போது நாதஸ்வரக்காரர் எளிதில் அகப்படுவார். தவில்காரரின் விரல்களைத் தனி ஆவர்த்தனத்தின்போது வரைய முயல்வது வீண்வேலை. அப்போது தோளை மட்டும் வரைந்தால் போதும்.

வாத்தியத்தை அறிந்து வரைவது கலைஞருக்குச் செய்யும் மரியாதை. தவிலின் வலந்தலையில் அடிக்கும் விரல்களில் கூடுகள் இருக்கும். தொப்பிப் பக்கத்தை அடிப்பது குச்சி. இதை மாற்றி வரைந்தால் தவில்காரர் சிரித்துவிடுவார். நாதஸ்வரத்தில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளை விட்டுவிட்டால் நாதஸ்வரக்காரர் குறைபட்டுக்கொள்வார். உறுமியில் ஒரு குச்சி தோலை உரசுகிறது, மற்றது அடிக்கிறது. அந்த உரசலில்தான் உறுமல் பிறக்கிறது. ஆதலால் இரண்டு கைகளையும் ஒன்றுபோல் வரையலாகாது.

செடெனாக்கிற்கு இதில் அவசரம் உண்டு. தோட்டத்து லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, கூலாய்க்கும் ஜொகூர் பாருவிற்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட்டன. செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. தோட்டங்களில் கும்மிக்கு முன்பாட்டுப் பாடிய மூதாட்டியர், கூத்தில் வேடங்கட்டிய பெரியவர்கள் ஆகியோருள் எஞ்சியோர் சிலரே. திருவிழாவிற்கு வரும்போது அவர்களை ஒரு நாற்காலியில் அமரவைத்து, பாடச்சொல்லி வரைய இன்னும் வாய்ப்பிருக்கிறது.

நாளை மாலை சாமி புறப்பாட்டிற்கு முன் மேளம் அரைமணி நேரம் மண்டபத்தில் ஒலிக்கும். வரைய விரும்புவோர் கருமை மிகுந்த பென்சிலும் தடித்த அட்டையும் கொண்டுவந்து, பக்தர்கள் நடக்கும் வழியை விட்டு, தூணோரமாக அமரலாம். வாசிப்பு முடிந்ததும் படத்தை வாசித்தவரிடமே முதலில் காட்டி, அவர் பெயர், ஊர், யாரிடம் பயின்றார், அன்றைய தேதி ஆகியவற்றைக் கீழே எழுதி, ஒரு படியை ஆலய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுகிறோம்.